பாட்டியோட பழைய காஞ்சிப் பட்டு கைக்கு வந்தா என்ன பண்ணணும்: முதல் தடவை பாக்கறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

பீரோ அடியில இருந்தோ, ஊர்ல இருக்கற மரப்பெட்டியில இருந்தோ ஒரு நாள் அம்பது அறுபது வருஷத்துப் பட்டுப்புடவை உங்க கைக்கு வரும். அப்புறம் அதை என்ன பண்றதுன்னு கேட்டா ட்ரை க்ளீனர் ஒண்ணு சொல்வார், நகைக்கடைக்காரர் ஒண்ணு சொல்வார், சொந்தக்காரங்க எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்வாங்க. நான் எங்க வீட்டுப் புடவைகளுக்காக இந்த எல்லார்கிட்டயும் அலைஞ்சு, கடைசியா துணிப் பாதுகாப்பு தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுத்தான் ஒரு ஒழுங்குக்கு வந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் இது. காஞ்சிபுரம் பட்டை மனசுல வச்சு எழுதியிருக்கேன், ஆனா ஆரணி, தர்மாவரம், பனாரஸ்னு சரிகை போட்ட எந்தப் பழைய பட்டுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கங்க. திரும்ப எடுக்க முடியாத எதையும் பண்ணாதீங்க. துவைக்கறது, பாலிஷ், ஃபியூசிங் (பசை தடவின துணியை அயர்ன் பண்ணி) ஒட்டறது, வெட்டறது, விக்கறது எல்லாமே அந்த லிஸ்ட்தான்.

1. எடுத்த உடனே உதறாதீங்க, கட்டிப் பாக்காதீங்க

ஆசையா இருக்கும், தெரியும். ஆனா வருஷக்கணக்கா ஒரே மடிப்புல கிடந்த பட்டு, மடிப்பு இருக்கற இடத்துல மட்டும் நொறுங்கற நிலைமையில இருக்கும், ஒரு உதறு உதறினா மடிப்பு வரி நெடுக பிளந்துடும். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாத்தையும் கழட்டுங்க, கையைக் கழுவித் துடைச்சுட்டு (க்ரீம் எதுவும் தடவாம) கட்டில்ல ஒரு சுத்தமான வெள்ளை பெட்ஷீட் விரிச்சு அதுமேல ஒவ்வொரு மடிப்பா பிரிங்க. எங்கயாவது சரசரன்னு காகிதம் மாதிரி சத்தம் வந்தா அங்கயே நிறுத்திடுங்க, அந்தப் புடவையை இனி கட்ட முடியாது, படுக்க வச்சேதான் பாதுகாக்கணும்.

வெள்ளை பெட்ஷீட் எதுக்குன்னா, கீழ என்ன உதிருதுன்னு தெரியணும். பொடிப்பொடியா மணல் மாதிரி எச்சம், சின்னச் சின்ன கூடு, புழு உரிச்ச தோல் இருந்தா பூச்சி இருக்குன்னு அர்த்தம். அப்ப மத்த துணிகள்கிட்ட கொண்டு போகாம உடனே ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டிட்டு நாலாவது படிக்குப் போங்க.

முக்கியமா பாக்க வேண்டிய இடம், உடலும் கரையும் சேர்ற கோர்வை, அப்புறம் உடலும் முந்தியும் சேர்ற பெட்னி. தறியிலயே கையால இணைச்ச இடங்கள் இவை. கலர் மாறுற அந்த வரியில மேடு மாதிரி ஒரு முடிச்சு வரிசை தெரிஞ்சா அது கைத்தறிக் கோர்வைக்கு நல்ல அடையாளம், கிழிசலும் பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்கும்.

2. போட்டோவும் நோட்டும்தான் உங்க டாக்குமென்ட்

இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, எனக்கு இருக்கற வருத்தமே இதுலதான். புடவையைப் பத்தித் தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதிடணும், நாளைக்கு யாரும் சொல்ல மாட்டாங்க.

போட்டோ எடுக்கும்போது ஜன்னல் பக்கத்துல நேர் வெயில் படாத வெளிச்சத்துல, ஃபிளாஷ் இல்லாம எடுங்க. முழு நீளம், முந்தி, கரை ரெண்டு பக்கமும், பின்பக்கம், ஒவ்வொரு கிழிசலும் கறையும் பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு தனித்தனியா. அப்புறம் கிச்சன் தராசுல எடை போட்டு எழுதிக்கங்க. இது ரொம்ப ரொம்ப முக்கியம். நல்ல சரிகைப் புடவை அரை கிலோவுக்கு மேல சாதாரணமா வரும், வெளிய யார்கிட்டயாவது குடுத்து வாங்கும்போது இந்த எடைதான் உங்க கையில இருக்கற ஒரே ஆதாரம்.

நோட்டுல எழுத வேண்டியது: யாரோட புடவை, எந்த விசேஷத்துக்கு எடுத்தது, எந்த ஊர், எந்தக் கடை, நீளம் ஆறு கஜமா ஒன்பது கஜமா, என்னென்ன ரிப்பேர் ஏற்கனவே பண்ணியிருக்கு. பழைய பில் கிடைச்சா தூக்கிப் போடாதீங்க. சில பில்லுல சரிகை எத்தனை மார்க்னு போட்டிருக்கும், ஒரு மார்க்ங்கறது சுமார் 240 கிராம் சரிகை.

புடவைக்கு அடையாளம் போடணும்னா பேனாவால துணியில எழுதாதீங்க, ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, பின் குத்தாதீங்க. ஒரு சின்ன காட்டன் நாடாவுல பென்சில்ல நம்பர் எழுதி, சுத்தி வைக்கற துணியில தைச்சுடுங்க. செலவு ஒண்ணுமில்ல, ஒரு மதியம் போதும்.

3. பட்டு அசலா, சரிகை அசலா

இது ரெண்டும் வேற வேற கேள்வி, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. சில்க் மார்க் லேபிள் 2004-ல வந்தது, மத்தியப் பட்டு வாரியம் ஆரம்பிச்ச அமைப்பு குடுக்கறது, அது பட்டு சுத்தமானதான்னு மட்டும்தான் சொல்லும். சரிகையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. காஞ்சிபுரம் பட்டுக்கு புவிசார் குறியீடு வந்ததும் 2005-06லதான். அதனால உங்க பாட்டி புடவையில ரெண்டு அடையாளமும் இருக்காது, இல்லைங்கறதால போலின்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க.

பட்டுக்கு வீட்டுலயே நெருப்புச் சோதனை பண்ணலாம். முந்தி ஓரக் குஞ்சத்துல இருந்து ஒரே ஒரு இழை மட்டும் எடுங்க, உடல்ல இருந்து உருவாதீங்க. இடுக்கியில பிடிச்சுக் கொளுத்தினா பட்டு தலைமுடி கருகற வாசனை வரும், சாம்பல் விரல்ல நசுக்கினா பொடியாகும். பாலியெஸ்டர்னா உருகி கெட்டியா உருண்டையாகும், நசுங்காது. காட்டனும் ரேயானும் காகிதம் எரியற வாசனை.

சரிகைக்கு அதே குஞ்சத்துல ஒரு சரிகை இழையைப் பிரிச்சுப் பாருங்க. அசல் சரிகைன்னா உள்ள பட்டு நூல், பெரும்பாலும் சிவப்புச் சாயம் போட்டது, அதுமேல தட்டையாக்கின வெள்ளிக் கம்பி சுத்தியிருக்கும், அதுக்கு மேல ரொம்ப மெல்லிசா தங்க முலாம். கல்லுல உரசினா வெள்ளை தெரியணும். செம்பு நிறம் தெரிஞ்சா அது செம்புக் கம்பியில பண்ண டெஸ்டட் சரிகை, ஹாஃப் ஃபைன்னு சொல்றதும் உண்டு. நெருப்புல சுருங்கி உருகினா பிளாஸ்டிக் சரிகை. எழுத்துல வேணும்னா எக்ஸ்ரே மெஷின் வச்சு பாக்கற இடத்துல குடுங்க, புடவைக்கு ஒரு சேதமும் வராது, சில நிமிஷ வேலை, நகைக்கடைகள்ல காரட் மீட்டர்னு சொல்றதும் இதே மெஷின்தான். கட்டணம் சில நூறு ரூபாய்க்குள்ள இருக்கும். ஆனா அந்த ரிப்போர்ட் தங்கம் வெள்ளி செம்பு என்ன விகிதம்னுதான் சொல்லும், மொத்தப் புடவையில எவ்வளவு சரிகை இருக்குன்னு சொல்லாது.

இங்கதான் பெரிய பொறி இருக்கு. பழைய பட்டுப்புடவை எடுக்கறோம்னு போர்டு வச்சவங்க, தெருவுல கூவிட்டு வர்றவங்க, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போடறவங்க, இவங்ககிட்ட போற புடவையில பெரும்பாலானது எரிச்சு உருக்கப்படுது, வெள்ளிக்காக. மூணு ஓடம் வச்சு ரெண்டு பேர் உக்காந்து நெஞ்ச கோர்வை, இன்னிக்கு யாரும் போடாத கரை டிசைன், எல்லாம் ஒரு மணி நேரத்துல சாம்பல். பணக் கஷ்டம்னா விக்கறது உங்க உரிமை, நான் தடுக்கல. ஆனா சரிகை ரிப்போர்ட் கையில இல்லாம, கண்ணு முன்னாடி எடை போடாம குடுக்காதீங்க. முதல்ல அதை புடவையாவே வாங்கிக்கறவங்க இருக்காங்களான்னு கேளுங்க.

4. பூச்சின்னா ஃப்ரீசர், பாச்சை உருண்டை வேண்டாம்

பட்டு புரதம்தான், அதனால அந்துப்பூச்சிக்கும் கார்பெட் வண்டுக்கும் சாப்பாடு. கஞ்சி போட்ட புடவைன்னா சில்வர்ஃபிஷ் வேற வரும்.

புடவை நல்லா காஞ்சிருக்கணும், அது முதல் கண்டிஷன். மல் துணியில சுத்தி, பாலித்தீன் பையில போட்டு, காத்தை வெளியேத்தி டேப் ஒட்டி, வீட்டு ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. மியூசியத்துல மைனஸ் 20 டிகிரிக்கும் கீழ வச்சு ஒரு வாரத்துல முடிப்பாங்க, நம்ம வீட்டு ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18, அதுவும் அடிக்கடி திறந்து மூடறோம், அதனாலதான் ரெண்டு வாரம். வெளிய எடுத்ததும் பையைப் பிரிக்காதீங்க! ஒரு முழு நாள் ரூம் சூட்டுல அப்படியே கிடக்கட்டும், இல்லன்னா ஈரம் நேரா துணிமேல படிஞ்சுடும், சரிகை கறுத்துடும். மீன் இறைச்சி இருக்கற ஃப்ரீசர்னா ரெண்டு பை போடுங்க.

பாச்சை உருண்டை எதுக்கு வேண்டாம்னா, அது நாப்தலின், அந்த ஆவி நமக்கே கெடுதல். ஜி6பிடிங்கற என்சைம் குறைபாடு (பிறவியிலயே வர்றது) இருக்கற கைக்குழந்தைக்கு அந்த வாசனை ஏறின துணியால சிவப்பணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வரைக்கும் போகும். நம்ம வீட்டுல பாட்டி புடவையிலதான் தூளி கட்டுவோம், அதனால இதை அழுத்திச் சொல்றேன். வசம்பு, காஞ்ச வேப்பிலை வைக்கறது நல்லதுதான், ஆனா சின்னத் துணிப் பையில கட்டி ஓரமா வைங்க, புடவைமேல நேரா படக்கூடாது, எண்ணெய்க் கறை வரும்.

5. சுத்தம் பண்றது: தூசி மட்டும் எடுங்க

வேக்யூம் க்ளீனர் இருந்தா ரொம்ப குறைஞ்ச இழுவையில வச்சு, குழாய் வாயில ஒரு துண்டு கொசுவலை கட்டி, புடவைமேல இன்னொரு கொசுவலை விரிச்சு, தேய்க்காம மேலாக தூக்கித் தூக்கி வைங்க. இல்லன்னா மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால இழை போற திசையிலயே தட்டி எடுங்க. பூஞ்சை இருந்தா மாஸ்க் போட்டு, வெளிய நிழல்ல காய வச்சதுக்கு அப்புறம்தான் தொடணும், ஈரமா இருக்கும்போது தட்டினா பரவும்.

தண்ணி வேண்டாம். பழைய சாயம் எப்ப ஓடும்னு யாராலயும் பாத்துச் சொல்ல முடியாது, அரக்குக் கலர் உடல்ல இருந்து ஓடி வெந்தயக் கலர் கரையில ஏறினா முடிஞ்சுது. உங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்னா உள்பக்கம் மூலையில ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் வச்சு வெள்ளைப் பஞ்சால ஒத்திப் பாருங்க. துணி சோப்புத்தூள் காரம், அதுல பல பிராண்டுல கறை எடுக்க என்சைம் சேர்க்கறாங்க, புரதக் கறையைத் தின்கிற அதே என்சைம் பட்டையும் தின்னும். குளோரின் ப்ளீச் பட்டைக் கரைச்சே விடும்.

ட்ரை க்ளீனிங், துணி உறுதியா இருந்து எண்ணெய்க் கறை மட்டும் பிரச்சனைன்னா குடுக்கலாம், ஊரைப் பொறுத்து இருநூறுல இருந்து ஐநூறு ரூபாய் வரை ஆகும். மெஷின்ல சுத்தாம கையால பண்ணுவீங்களான்னு கேட்டுட்டுக் குடுங்க. ரோல் பிரஸ் வேண்டவே வேண்டாம், சூடும் அழுத்தமும் சேந்து பழைய மடிப்பை உடைச்சுடும். மஞ்சள், குங்குமக் கறையை அப்படியே விட்டுடுங்கன்னுதான் நான் சொல்வேன், அது ஒரு கல்யாணத்தோட தடம், துணிக்கு அதால பெரிய கெடுதலும் இல்ல.

6. கறுத்த சரிகைக்கு பாலிஷ் போடாதீங்க

எலுமிச்சை, புளி, டூத்பேஸ்ட், சோடா மாவுன்னு வீடியோ பாத்திருப்பீங்க. வேண்டாம். கறுப்பு எப்படி வருதுன்னா, தங்க முலாம் அவ்வளவு மெல்லிசு, அதுக்குக் கீழ இருக்கற வெள்ளி காத்துல இருக்கற கந்தகத்தோட சேந்து வெள்ளி சல்ஃபைடாகி மேல வருது. தேய்ச்சா கறுப்போட தங்கமும் போயிடும், அப்புறம் சரிகை வெள்ளையா நிக்கும், முன்னை விட வேகமா மறுபடி கறுக்கும். புளியோட அமிலம் உள்ள இருக்கற பட்டு நூலையும் கெடுக்கும். ஒரு கடையில பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடும்னு என்கிட்ட அவ்வளவு உறுதியா சொன்னாங்க, எங்க போடுவீங்க, என்ன மருந்துன்னு கேட்டதுக்கு பதில் வரல. பதில் வராத இடத்துல குடுக்காதீங்க.

கறுப்பு மேல ஏறாம தடுக்கறதுதான் வழி. ரப்பர் பேண்ட், கம்பளி ஸ்வெட்டர், புதுசா பெயின்ட் அடிச்ச அலமாரி இதெல்லாம் கந்தகமும் ஆவியும் விடும், தள்ளி வைங்க. கட்டிட்டு சென்ட் அடிக்காதீங்க, முதல்ல அடிச்சு காஞ்சப்புறம் கட்டுங்க.

7. கிழிசல்

டெய்லர் முதல்ல சொல்றது ஃபியூசிங் போட்டு அயர்ன் பண்ணிடலாம்னு. அந்தப் பசை வருஷம் போகப்போக கெட்டியாகி மஞ்சளாகும், எடுக்கவே வராது. ஃபெவிகாலும் அதே கதை.

கட்டணும்னு நினைக்கற உறுதியான புடவையில சின்ன ஓட்டைன்னா ரஃபூ (இழை இழையா பின்னி ஓட்டையை அடைக்கறது) பண்றவர்கிட்ட குடுங்க. சின்னதுக்கு சில நூறு, நீளக் கிழிசலுக்கு சில ஆயிரம் வரை கேப்பாங்க, நல்ல கை இருக்கறவங்க அவசரப்பட மாட்டாங்க, வாரக்கணக்கா ஆகும், முகூர்த்த மாசத்துல இன்னும் இழுக்கும். நொறுங்கற புடவைக்கு ரஃபூ கூடாது, புது நூல் இழுத்து பக்கத்து இழையும் போகும். அதுக்கு அடியில மெல்லிசான மல் துணியோ பட்டு ஆர்கன்சாவோ (கண்ணாடி மாதிரி மெல்லிய பட்டுத்துணி) அதே கலர்ல வச்சு, நல்லா இருக்கற இடத்துல மட்டும் மெல்லிய ஊசியால தளர்வா தைச்சுத் தாங்க வைக்கணும். கண்சர்வேட்டர்கள் பண்றது அடிப்படையில இதுதான். பின்னாடி வேணும்னா பிரிச்சுடலாம்.

ரொம்ப அரிய புடவைன்னா, பாரம்பரியப் பொருள்களைப் பாதுகாக்கற இன்டாக் அமைப்போட பாதுகாப்பு மையங்களைக் கேளுங்க, டெல்லி மையத்துல துணிக்குன்னு தனியா ஆளுங்க இருக்காங்க. போட்டோவை முதல்ல மெயில் பண்ணி மதிப்பீடு வாங்குங்க. இந்த வேலை மணிக்கணக்கு வேலை, அதனால செலவு புதுப் புடவை விலையைத் தாண்டலாம், மாசக்கணக்கா ஆகலாம்னு தயாரா இருங்க.

யார்கிட்ட குடுத்தாலும் ரசீதுல இவ்வளவும் இருக்கணும்: எடை, நீளம், ஏற்கனவே இருக்கற சேதம், என்ன வேலை பண்ணப் போறாங்க, என்ன பண்ணக்கூடாது, தொகை, திருப்பித் தர்ற தேதி. "தெரிஞ்சவங்கதானே"ன்னு விடாதீங்க.

புடவை போயே போச்சு, டிசைன் மட்டுமாவது வேணும்னா, அதை எடுத்துட்டு காஞ்சிபுரத்துல நெசவாளர் சேவை மையத்துக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ போங்க. டிசைனை கிராஃப்ல வரைஞ்சு, தறிக்கான அட்டை குத்தி, புதுசா நெய்ய வழி கேக்கலாம். டிசைன் வேலைக்குன்னு தனிச் செலவு வரும், மாசக்கணக்கு ஆகும். எனக்கு இந்த வழி ரொம்பப் பிடிச்சிருக்கு, ஒரு நெசவாளருக்கு வேலையும் கிடைக்குது.

8. மடிச்சு வைக்கறது

இதுக்குத்தான் நீங்க உண்மையிலயே செலவு பண்ணணும், அதுவும் பெரிய செலவு இல்ல. வெளுக்காத காடாத்துணி இல்லன்னா மல் துணி வாங்குங்க, மீட்டர் நூறு ரூபாய் முன்னப்பின்ன, ஒரு புடவைக்கு ரெண்டு மீட்டர் தாராளம். ரெண்டு தடவை சுடுதண்ணியில அலசி கஞ்சி எடுத்துக் காய வச்சு அப்புறம்தான் சுத்தணும்.

- சரிகை சரிகைமேல உரசாத மாதிரி நடுவுல ஒரு அடுக்கு மல் துணி.
- மடிப்பு கூர்மையா வேண்டாம், உள்ள அதே மல் துணியை உருட்டி வைங்க, மடிப்பு வளைஞ்சு நிக்கும்.
- இடம் இருந்தா, அட்டை உருளைமேல துணி சுத்தி புடவையை அதுல உருட்டி வைக்கறது மடிக்கறதை விட நல்லது.
- ஹேங்கர்ல தொங்க விடாதீங்க, சரிகையோட எடையே துணியை இழுத்துக் கிழிக்கும்.
- கடையில குடுத்த பிளாஸ்டிக் கவர், நியூஸ்பேப்பர் ரெண்டும் வேண்டாம்.

மரப்பெட்டி அழகுதான், ஆனா மரம் அமில ஆவி விடும். நம்ம வீட்டு ஸ்டீல் பீரோவே போதும், பாத்ரூம் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது, அவ்வளவுதான். கனமான புடவை கீழ, லேசானது மேல, ஆனா கடைசி அடித்தட்டு வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில எத்தனை வீட்டுப் புடவைகள் அடித்தட்டுலயே ஊறிப் போச்சு. ஒருவேளை நனைஞ்சா மடிச்சபடி வைக்காதீங்க, நல்ல தண்ணியில சேற்றை ஓட விட்டு, தட்டையா விரிச்சு நிழல்ல ஃபேன் போட்டுக் காய வைங்க. ரெண்டு நாளுக்குள்ள பூஞ்சை பிடிச்சுடும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல காய வைக்க முடியலன்னா மிச்சத்தைப் பையில போட்டு ஃப்ரீசர்ல வச்சு ஒவ்வொண்ணா எடுங்க.

9. ஃப்ரேம், வெளிநாடு, மியூசியம்

முந்தியை ஃப்ரேம் போடறதா இருந்தா பசை போட்டு ப்ளைவுட்ல ஒட்ட விடாதீங்க, துணி சுத்தின பலகையில தைக்கச் சொல்லுங்க, கண்ணாடி துணியைத் தொடக்கூடாது. மியூசியத்துல பட்டுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பாங்க, அது மங்கலான அறை வெளிச்சம். உங்க ஹால்ல ஜன்னலுக்கு எதிர மாட்டினா சில வருஷத்துல கலர் போயிடும், போன கலர் திரும்ப வராது.

வெளிநாட்டுல இருக்கற மகளுக்கு அனுப்பணும்னு நினைச்சா வயசைப் பாருங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின கைவினைப் பொருள் தொல்பொருள் கணக்குல வரும், தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதுக்குக் கீழதான், ஆனா பாக்க ரொம்பப் பழசா இருக்குன்னா, தொல்பொருள் இல்லைன்னு இந்தியத் தொல்லியல் துறைகிட்ட சான்றிதழ் வாங்கிட்டு அனுப்புங்க. ரெண்டாவது படியில எடுத்த போட்டோவும் பழைய பில்லும் இங்க உதவும். விமான டிக்கெட் போடறதுக்கு ரொம்ப முன்னாடியே கேட்டுடுங்க.

மியூசியத்துக்குத் தானமா குடுக்கறதா இருந்தா எழுத்துல தானப் பத்திரம் போடுங்க, கண்காட்சியில வைப்பாங்களா, பின்னாடி வேற இடத்துக்கு மாத்துவாங்களான்னு முன்னாடியே கேளுங்க.

10. எப்ப எதைப் பண்றது

ஐப்பசி, கார்த்திகை மழையில புடவையைப் பிரிக்காதீங்க, காத்துல ஈரம் அதிகம். பொங்கல் முடிஞ்சு மாசி, பங்குனியில காஞ்ச காத்து இருக்கும், வருஷாந்திர சோதனைக்கு அதுதான் நேரம். நிழல்ல, ஃபேன் காத்துல ஒரு ரெண்டு மணி நேரம் விரிச்சு வச்சு, பூச்சி பாத்து, போன வருஷ போட்டோவோட ஒப்பிட்டு, சுத்தின காடாத்துணியைத் துவைச்சு மாத்துங்க. மடிப்பை மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை இடம் மாத்தி மடிங்க, மழைக்கால முறை வந்தா மழை விட்ட ஒரு காஞ்ச நாளாப் பாத்து பண்ணிக்கலாம். ஃபோன்ல ரிமைண்டர் போட்டுக்கங்க, அதோட தேதியை அந்த நோட்டுலயே எழுதிடுங்க, அடுத்து அந்தப் புடவையை எடுக்கறவங்களுக்கு எப்ப கடைசியா பிரிச்சதுன்னு தெரியும்.